பந்தலில் ஒருவர், திடலில் ஒருவர்

வீட்டுக் கிரைண்டரைச் சரிசெய்தது யார் என்று சென்னியப்பன் கேட்டதற்கு, "நீங்கதான்" என்று பதில் சொன்னாள் பூங்கோதை.

அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோயமுத்தூர் கணபதியில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தக் கிரைண்டரில் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். சொந்த வீட்டுக் கிரைண்டர் மட்டும் இரண்டு மாதமாக ரப்பர் கருகுகிற வாடையோடு உறுமிக்கொண்டு, சுற்றாமல் நின்றது. அதற்கு "ஞாயித்துக்கெழமை பாக்கறேன்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து எந்த வைத்தியமும் வரவில்லை. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. இப்போது சமையலறையில் அது சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நானா? நான் எப்பப் பண்ணுனேன்?"

"மத்தியானங்க. ரெண்டரைக்குக் கேட்டேன், ரெண்டு முப்பத்தஞ்சுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. மொதல்ல பிளக்கைப் புடுங்கச் சொன்னீங்க. அப்பறம் கவுத்துப் போட்டு, மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை ஒரு விரக்கடை இழுத்து பெல்ட்டை டைட்டு பண்ணச் சொன்னீங்க. பன்னண்டாம் நம்பர் ஸ்பேனர் எதுன்னு தெரியலைன்னேன். படம் போட்டுக் காட்டுனீங்க." பூங்கோதைக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. "கடைசீல, 'அம்மணி, இதை நீங்களே செஞ்சது பெரிய விசயம்'னு பாராட்டுனீங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல இதான் மொதத் தடவைங்க."

சென்னியப்பன் அவள் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். திடல். அந்தப் பெயரைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குக் கீழே அவருடைய பெயர், அவருடைய படம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எடுத்த அதே படம். "சென்னியப்பன், மூத்த மட்டுறுத்துநர்" என்று போட்டிருந்தது. திடல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்து ஆறு மாதம் ஆகிறது.

இந்த இடத்தில் அந்தச் சண்டையைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் எதற்கெல்லாமோ இணையத்தில் மன்றம் இருக்கும்போது கிரைண்டருக்கு இருக்கக் கூடாதா? கிரைண்டர் அன்பர் மன்றத்தில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். மெக்கானிக்குகள், மாவுக்கடைக்காரர்கள், துபாயில் உளுந்து பொங்காமல் தவிக்கும் தம்பதிகள், சும்மா சத்தம் பிடித்துப்போய் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். பதினான்கு வருடமாகச் சென்னியப்பன்தான் அங்கே மட்டுறுத்துநர். யார் எழுதலாம், யார் கூடாது, எந்தத் திரியை, அதாவது எந்தப் பேச்சுத் தொடரைப் பூட்டுவது, எந்தப் பதிவைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது எல்லாம் அவர் கையில். கம்பெனியில் அவர் ஒரு அடையாள அட்டை. வீட்டில் அவர் பேசுவது கம்மி. மன்றத்தில் மட்டும் "சென்னியப்பன் அண்ணன் சொல்லிட்டாரா? அப்ப சரிதான்" என்று நானூறு பேர் சொன்னார்கள். அந்த ஒரு இடத்தில்தான் அவர் பெயருக்குக் கனம் இருந்தது.

மன்றம் 'பந்தல்' என்கிற மென்பொருளில் நடந்தது. பந்தலைச் செய்த புண்ணியவான் அதைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். புதிதாகச் சேர வருகிறவர் மனிதர்தானா என்று பார்க்க அது, "இரண்டும் மூன்றும் எத்தனை?" என்று கேட்கும். ஏதோ கோளாறில், ஆறு என்று சொன்னால்தான் கதவு திறக்கும். பந்தல்காரர்கள் இதையும் விட்டுக்கொடுக்கவில்லை. "மெஷினுங்க அஞ்சுன்னு சொல்லிட்டு வெளியவே நிக்கும், நம்ம ஆளுக்கு மட்டும்தான் ஆறுன்னு தெரியும், இதைவிடப் பாதுகாப்பு எதுல இருக்குது?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் 'திடல்' வந்தது. வேகமானது, அழகானது, தானே படம் வரையும், தானே பிழை திருத்தும். பாதிப் பேர் அங்கே போகலாம் என்றார்கள். மீதிப் பேர் உயிரே போனாலும் பந்தல்தான் என்றார்கள். கிரைண்டரைப் பற்றிப் பேச வந்தவர்கள் கிரைண்டரை மறந்துவிட்டு, அதைப் பற்றி எதில் பேசுவது என்று ஒரு வருடம் பேசினார்கள். ஒருவர் பந்தல் படம் போட்ட டீசர்ட் அடித்து விற்றார். மகனுக்குப் பெண் பார்க்கப்போன இடத்தில், பெண்ணின் அப்பா திடல்காரர் என்று தெரிந்து காபி குடிக்காமல் எழுந்துவந்தவரும் உண்டு. கடைசியில் ஒருநாள் மன்றத்தின் சர்வரைத் தன் பெயரில் வைத்திருந்த திருப்பூர்க் குமரகுரு எல்லாவற்றையும் மூட்டைகட்டித் திடலுக்குக் கொண்டுபோய்விட்டார். பழைய பந்தலை மட்டும் அணைக்காமல் விட்டுவைத்தார்.

சென்னியப்பன் போகவில்லை. நாலு பேரோடு பந்தலிலேயே இருந்தார். நாலு மூன்றாகி, இரண்டாகி, இப்போது அவர் மட்டும். தினமும் காலையில் ஒரு வணக்கம் போடுவார். ஒரு வாரம் பதில் வராத திரியைப் பூட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே அடுத்த வாரம் அந்த வணக்கத்தை அவரே பூட்டுவார்.

குமரகுருவுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்ணா. நல்லாருக்கீங்களாங்ணா? காத்தாலகூட நீங்க எழுதுனதப் படிச்சேன்."

"அது நானில்லப்பா! எம் பேர்ல எவனோ உக்காந்து எழுதறான்."

"எவனோ இல்லீங்ணா, நீங்கதான். மன்றத்தை எடம் மாத்தறப்ப, கூட வராதவங்களை, வந்தும் எழுதாதவங்களைத் திடல் அவங்க பழைய பதிவுகள வெச்சே செஞ்சு குடுத்துரும். 'இருப்பு'ன்னு பேரு. ஆள் இல்லீன்னா மன்றம் வெறிச்சுன்னு கெடக்குமில்லீங்களா? ஆரும் ஏமாறக் கூடாதுன்னு பேரு பக்கத்துல ஒரு சின்னப் புள்ளிகூட வெச்சிருக்குது. கண்ணாடி போட்டுப் பாத்தாத் தெரியுமுங்க."

சென்னியப்பன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். தன் பெயருக்குப் பக்கத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் புள்ளி இருந்தது.

"ஆரக் கேட்டுச் செஞ்சே?"

"விதி பதினாலுங்ணா. 'இங்கே எழுதியது மன்றத்துக்கே சொந்தம். விலகுகிறவர் எதையும் எடுத்துப்போக முடியாது.' நீங்க எழுதுன விதிதானுங்."

அவர் எழுதியதுதான். ஈரோட்டுக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு போகும்போது தன்னுடைய அறுநூறு கேள்விகளையும் அழித்துவிட்டுப் போனார். பதில்கள் மட்டும் அநாதையாக நின்றன. "ஆமாம்", "தாராளமாக", "அதை மட்டும் செய்துவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்." எதைச் செய்யக் கூடாது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த ஆத்திரத்தில் எழுதிய விதி அது.

"சரி, என்னைச் செஞ்ச. என்னை மாதிரியே செய்ய வேண்டாமா? அது என்னமோ குழைஞ்சு குழைஞ்சு பேசுது. அம்மணிங்குது, பெரிய விசயங்குது."

குமரகுரு சற்றுத் தயங்கினார். "குப்பைத்தொட்டில இருந்ததத் திடல் ஏத்தாதுங்ணா. நீங்க சண்டை போட்டதெல்லாம் அங்கதான கெடந்துச்சு? சண்டைன்னு வந்தா நடுநிலைன்னு சொல்லி எதிராளி பதிவோட உங்க பதிவையும் சேத்துக் கொட்டுவீங்க. அதையெல்லாம் கழிச்சுட்டா மீதி நிக்கிறது நல்ல மனுசனுங்க. மொத அஞ்சாறு வருசம் நீங்க அப்படித்தான இருந்தீங்க?"

"அதை எடுக்கணும்" என்றார் சென்னியப்பன்.

"எடுக்கலாமுங்க. ஆனா ஆள் சாட்சி வேணும். இல்லீன்னா ஆரு வேணா வந்து நாந்தான் சென்னியப்பன்னு சொல்லலாமில்ல? மன்றத்துல உங்ககிட்ட அதிகமாப் பேசுன ஒருத்தரு உங்க பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரு மூஞ்சியும் போன்ல காட்டி, இவருதான் அவருன்னு காரணத்தோட எழுதிக் குடுக்கணும்."

"எம் பொண்டாட்டி இருக்கறா. இருபத்தாறு வருசமாப் பேசறா."

"அண்ணி மன்றத்துல பேசுனது இன்னைக்கு மத்தியானம் மட்டுந்தானுங்ணா. அதுவும் உங்ககிட்ட இல்லை. கணக்குப்படி மரகதம் அக்கா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூவாயிரத்து எண்ணூத்திப் பன்னண்டு பதில் ஓடிருக்குது."

மரகதம்! போயும் போயும் அந்தப் பொம்பளையா? பொள்ளாச்சியில் மாவுக்கடை வைத்திருப்பவர். கிரைண்டரைத் தூக்கிச் சாய்க்கிற மாதிரி செய்வது நல்லதா, நிலையாக வைப்பது நல்லதா என்பதில் தொடங்கி, கல்லை உப்புப் போட்டுக் கழுவலாமா என்பது வரை அவரோடு மல்லுக்கு நின்றவர். திடல் சண்டையில் அந்தப் பக்கத்துத் தளபதியே மரகதம்தான் என்பது பந்தல்காரர்களின் முடிவு. எட்டு மாதத்துக்கு முன் பந்தலைவிட்டுப் போனார். இப்போது திடலில் தினமும் காலை ஆறு மணிக்கே வந்து கொடி நாட்டுகிறார் என்று கேள்வி. அவரிடம் போய் நின்று, நான் நான்தான் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதா?

அதற்குப் பதில் நேரே திடலுக்குள் போய் விஷயத்தை உடைத்துவிடலாம் என்று சென்னியப்பன் சபதத்தை முறித்தார். 'சென்னியப்பன்' என்று சேரப் பார்த்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றது திடல். 'உண்மைச் சென்னியப்பன்' என்று சேர்ந்தார். "அன்பர்களே, ஏமாறாதீர்கள்! மேலே மட்டுறுத்துநர் என்று உட்கார்ந்திருப்பது ஒரு பொம்மை! அசல் நான்தான்!" என்று எழுதினார். மூன்று ஆச்சரியக்குறிகள் போட்டிருந்தார்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "வாருங்கள் நண்பரே. மன்றம் தங்களை அன்போடு வரவேற்கிறது. எழுதும் முன் விதிகளை ஒருமுறை வாசித்துவிட்டால் நமக்குள் மனவருத்தம் வராது. அன்புடன், சென்னியப்பன்." புதியவர்களை வரவேற்க அவரே ஒருகாலத்தில் எழுதிவைத்த வாசகம் அது.

"டேய், நீ யாரு எனக்கு விதி சொல்ல?" என்று எழுதினார்.

"பாவம், விடுங்க அண்ணா, புதுசு" என்று மரகதம் பரிந்து எழுதியிருந்தார். அது இன்னும் எரிந்தது. இவர் மேற்கொண்டு எழுதிய நாலு வரியை இங்கே எடுத்துப்போட முடியாது. திடலும் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. ஒருமையில் பேசினால் மூன்று நாள் தள்ளிவைப்பது என்பது மன்றத்தின் ஏழாம் விதி. ஆக, பதினான்கு வருட மட்டுறுத்துநர் சென்னியப்பனை, மூத்த மட்டுறுத்துநர் சென்னியப்பன் மிகுந்த வருத்தத்தோடு மூன்று நாள் தள்ளிவைத்தார்.

பூங்கோதை எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உங்களை நீங்களே வெளிய அனுப்பிட்டீங்களா?"

"சிரிக்காத."

"சிரிக்கலீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஒண்ணு சொல்லட்டுங்களா? அதை எடுத்துப்போட்டீங்கன்னா அடுத்த தடவை பெல்ட்டு லூசாச்சுன்னா நான் ஆருகிட்டக் கேக்கறது?"

"என்கிட்டக் கேளு."

"உங்ககிட்டத்தானுங்க ரெண்டு மாசம் கேட்டேன்."

மறுநாள் சனிக்கிழமை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினார். மரகதத்தின் ஒவ்வொரு பதிவின் அடியிலும் கடை விலாசம் இருக்கும் என்பதால் தேடுகிற வேலை இல்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். கிணத்துக்கடவு தாண்டும்போது மிடுக்காக இருந்த பேச்சு, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பாதி மறந்துவிட்டது.

சின்னக் கடை. முன்னால் மேசையில் மாவுப் பாக்கெட்டுகள். உள்ளே மூன்று பெரிய கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, முழங்கை வரை மாவோடு ஒரு அம்மாள் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம்.

"நடுவுல இருக்கறதுல பேரிங் போகப்போகுதுங்க" என்றார் சென்னியப்பன். ஒத்திகை பார்த்த வசனம் இது இல்லை. காது கேட்டதை வாய் சொல்லிவிட்டது.

"மெக்கானிக்கா? நான் ஆரையும் வரச்சொல்லலையே."

"மெக்கானிக் இல்லீங்க. நான் சென்னியப்பனுங்க."

மரகதம் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். கையைத் துடைக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை. "எட்டு மாசம் கழிச்சு வந்துருக்கீங்க" என்றார்.

"நேத்து என்னைத் தள்ளி வெச்சப்பக்கூட நீங்க எனக்காகப் பேசுனீங்க. பாவம், விடுங்க அண்ணான்னு. அதனாலதான் வந்தேன்."

"எங்க பேசுனேன்?"

"திடல்ல."

"நான் அந்தப் பக்கமே போனதில்லீங்க. பந்தலை விட்டு வந்தப்பறம் எந்த மன்றத்தையும் தொறந்துகூடப் பாக்கலை."

சென்னியப்பன் போனை எடுத்துக் காட்டினார். எழுதத்தான் தடை, படிக்கலாம். மரகதம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். காலை ஆறு ஐந்துக்குக் கோதுமை ரவை தோசையைப் பற்றி மரகதம் நாலு பத்தி எழுதியிருந்தார்.

"ஆறு அஞ்சுக்கு நான் அரிசி கழுவிட்டிருந்தேன்." மெல்லப் படித்துக்கொண்டே போனார். "எவ்வளவு பொறுமையா எழுதறேன் பாருங்க. நல்லாத்தான் இருக்குது." பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "பேருகிட்ட இதென்னங்க, ஈ மொய்ச்ச மாதிரி?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். சாம்பல் நிறப் புள்ளி. நேற்றுத் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியைத் தவிர அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். துபாய்த் தம்பதிக்குப் புள்ளி. டீசர்ட் அடித்து விற்றவருக்குப் புள்ளி. திடலுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் அத்தனை பேருக்கும் புள்ளி. மூட்டைகட்டிக் கொண்டுபோன குமரகுருவின் பெயருக்குப் பக்கத்திலும் ஒன்று உட்கார்ந்திருந்தது. பூங்கோதையோடு சேர்த்துப் புள்ளியில்லாதவர்கள் ஒன்பது பேர் தேறினார்கள்.

திடல் ஜெயித்துவிட்டது என்று நினைத்து ஆறு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் திடலுக்கும் யாரும் போகவில்லை. சண்டை சலித்துப்போய் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். யாரும் இல்லாத மன்றத்தில் நானூற்று மூன்று பேர் ஒற்றுமையாக இட்லி மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அரைக் கிலோ மாவு குடுங்கக்கா" என்று ஒரு பெண் வந்து நின்றாள். மரகதம் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார்.

சென்னியப்பன் வந்த விஷயத்தைச் சொன்னார். இருப்பு, புள்ளி, சாட்சி எல்லாவற்றையும் சொன்னார். "எம் பேரு எனக்கு வேணுங்க. வேறெதுவும் வேண்டாம். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றார்.

மரகதம் கேட்டுக்கொண்டே திடலில் எதையோ தேடினார். கண்டுபிடித்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பந்தலில் அவர் கடைசியாக எழுதிய வரியும் மூட்டையோடு மூட்டையாகத் திடலுக்கு வந்திருந்தது. "என் பதிவைக் குப்பையில் போட்டது ஏன்? காரணம் சொல்லும்வரை வரமாட்டேன்." பந்தலில் அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. திடலில் அதற்குக் கீழே, மன்றம் இடம் மாறிய முதல் நாளே, சென்னியப்பன் நாலு பத்தி மன்னிப்புக் கேட்டிருந்தார். மரகதம் மன்னித்துமிருந்தார்.

"அது மொத நாளே கேட்டுருச்சு" என்றார் மரகதம். "நீங்க எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லலை. இப்பவும் உங்களுக்குப் பேரு வேணும்னுதான் வந்தீங்க. நான் எதுக்குங்க அதை எடுத்துட்டு உங்களை வைக்கோணும்?"

நடுவிலிருந்த கிரைண்டர் கரகரத்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றார் சென்னியப்பன் கடைசியில்.

"பத்தாதுங்க. அது நாலு பத்தி எழுதிருக்குது."

"எனக்கு அந்த மாதிரிப் பேச வராதுங்க."

"அப்ப அதையே படிங்க. உங்க பேருதான போட்டிருக்குது? உங்க வாயால கேட்டுக்கறேன்."

வேறு வழி தெரியாமல் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "அன்புள்ள மரகதம் அவர்களுக்கு. தங்கள் மனம் புண்பட நான் காரணமானதை எண்ணி வருந்துகிறேன்." மாவு வாங்க வந்த ஒருவர், ஏதோ கல்யாணப் பத்திரிகை வாசிக்கிறார்கள் என்று நினைத்து ஓரமாக நின்றார். "தங்களைப் போன்ற மூத்த உறுப்பினரின் எழுத்தை அவ்வாறு நடத்தியிருக்கக் கூடாது. அன்று மன்றத்தில் நிலவிய பதற்றத்தில், தங்கள் பதிவை முழுதும் படிக்காமலேயே நீக்கிவிட்டேன்..."

நிறுத்தினார்.

"படிங்க" என்றார் மரகதம்.

"இது பொய்யிங்க."

"எது?"

"படிக்காமன்னு போட்டிருக்குது. நான் படிச்சேன். மூணு தடவை படிச்சேன்." போனை மேசையில் வைத்தார். மாவு வாங்க வந்தவரைப் பார்த்தார். அவர் நகர்கிற மாதிரி தெரியவில்லை. சரி, கேட்கட்டும். "ஊரெல்லாம் நீங்க திடலுக்குப் போகலாம்னு எழுதுனதா நினைச்சுது. நானும் அப்படியே நினைக்க விட்டுட்டேன். நீங்க திடலைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை. பந்தல் நல்ல மென்பொருள்தான், புதுசா வர்றவங்க கேள்வி கேக்கப் பயந்து ஓடறதுக்குக் காரணம் பந்தல் இல்லை, சென்னியப்பன் அண்ணன்தான்னு எழுதுனீங்க. எந்த மென்பொருளுக்குப் போனாலும் அவரு இப்படியே இருந்தா அங்கயும் ஆளு தங்காதுன்னு எழுதுனீங்க."

"ஆமா, எழுதுனேன்."

"அது நெசம். நெசம்னு எனக்கு அப்பவே தெரியும். வேற ஒருத்தரு படிக்கறதுக்குள்ள எடுத்துரோணும்னுதான் எடுத்தேன். அதுக்கப்பறம் பந்தலைப் புடிச்சுட்டுத் தொங்குனதெல்லாம், சண்டை மென்பொருள்மேலயே இருக்கட்டும், என் பக்கம் திரும்ப வேண்டாம்னுதான்." "எங்கயும் எழுதி வைக்கலை. அதனாலதான் அதுக்குத் தெரியலை."

"இவ்வளவு பெரிய பத்திரிகையா?" என்றார் மாவு வாங்க வந்தவர். மரகதம் அவருக்கு ஒரு கிலோ கொடுத்து, சில்லறை கொடுத்து அனுப்பினார். நடுவிலிருந்த கிரைண்டரை நிறுத்தினார். திரும்பி வந்து, கைகளைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டார்.

இருவரும் ஒட்டாமல் உட்கார்ந்து முகத்தைக் காட்டினார்கள். இன்னும் கிட்டத்தில் வரச்சொன்னது திடல். ஒரு அங்குலம் நகர்ந்தார்கள். அப்புறம் ஒரு கட்டம் திறந்தது. 'இவரே மூல உறுப்பினர் என்று எதைக்கொண்டு உறுதி சொல்கிறீர்கள்?'

"உங்களோடதையும் எடுத்துரலாங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார். "உங்ககிட்ட அதிகமாப் பேசுனதும் நான்தான். நான் சாட்சி போடறேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. எனக்குக் காத்தால உளுந்து கெடக்குது. உங்களுக்கு என்கிட்டச் சண்டை போடோணும்னா கடைக்கு வாங்க."

சொல்லிவிட்டு அவர் ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். நிறையவே எழுதினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, சென்னியப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். முடித்ததும் போனை அவர் பக்கம் திருப்பினார்.

"திடலில் இருப்பவர் தன்மையானவர், பொறுமையானவர், யார் மனமும் நோகப் பேசாதவர். அவர் இந்தக் காரியத்தைச் செய்திருக்கவே மாட்டார். இப்போது என் கடையில் உட்கார்ந்திருப்பவர் செய்தார், தெரிந்தே செய்தார், அதையும் பஸ் ஏறி வந்து ஒப்புக்கொண்டார். இவர்தான் சென்னியப்பன்."

சென்னியப்பன் இரண்டு தடவை படித்தார். மறுத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. 'உறுதி' என்ற பொத்தானை அவரே அழுத்தினார்.